ஒத்துவராத மூன்று எண்கள்

ஐப்பசி 3, திங்கள்

இன்றும் ஒத்துவரவில்லை. ஒரே பால்பொடி, ஒரே அடுப்பு, ஒரே கை. ஈரப்பதம் மட்டும் மூன்று முறையும் மூன்று வகை. 3.1, 2.4, 2.8 விழுக்காடு. மூன்றும் நெருங்கி நின்றால்தான் நெறியாளர் ஒப்பமிடுவார். கெடு ஐப்பசி 14. தவறினால் என் ஆய்வுத் தலைப்பு வேறு குழுவுக்குப் போகும். கடல் கடந்து வந்த எனக்கு ஓராண்டு வீண். மேடையில் ஆயிரம் பேரை ஒரு சொல்லால் எழுந்து நிற்க வைத்தவள், இரண்டு கிராம் பொடியிடம் தோற்று நிற்கிறேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

முறை எளிது; எரிச்சலே அதுதான். மூடியுள்ள சிறு தட்டில் பொடியை எடை பார்த்து, உலர்த்தும் அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்து, ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தில் ஆறவிட்டு, மீண்டும் எடை பார்க்க வேண்டும். குறைந்த எடையே ஈரம். இதிலா பிழை?

ஓர் ஐயம். நான் வகுப்பில் இருக்கும் வேளையில் அடுப்பை யாரோ திறக்கிறார்கள். ஆய்வகச் சாவி பொறுப்பாளரிடம்தான் இருக்கிறது. நம் மொழிக்காரர், அண்ணா என்றே அழைக்கிறேன். ஒரு கேள்விக்கு ஒரு சொல்தான் விடை தருவார். என் அறைத்தோழி அவருக்கு வைத்த பெயர் ‘சொட்டுமருந்து’.

ஐப்பசி 6, வியாழன்

தொலைபேசியில் அம்மா. “ஏன்டி குரல் கம்மிக் கெடக்கு? சாப்பிட்டியா?”

“ஆச்சும்மா.”

“பொய் சொல்லாத. சாப்பாட்டப் பத்திப் படிக்கப் போயிட்டு நீயே பட்டினி கெடந்தா ஊரே சிரிக்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 7, வெள்ளி

வாரக் கூட்டத்தில் எழுந்தேன். எட்டு மணித்துளி. மொழி அயல்மொழி, அடுக்கும் அனலும் என்னுடையவை. “பூட்டிய ஆய்வகத்தில் அடுப்பு திறக்கப்படுகிறது! பூட்டோ ஒன்று, சாவியோ ஒன்று, அதை வைத்திருப்பவரும் ஒருவரே!” அவை உறைந்தது. நெறியாளர் சாவியை அண்ணனிடமிருந்து வாங்கித் தம் மேசையில் வைத்துக்கொண்டார். அண்ணனின் கழுத்து சிவந்திருந்தது.

வென்றேன். ஆனால் வாயெல்லாம் ஏன் கசக்கிறது?

ஐப்பசி 10, திங்கள்

நெறியாளரிடம் சாவி வாங்கி நானே பூட்டினேன், நானே திறந்தேன். 2.6, 3.2, 2.3.

ஐயோ! இனி யார்மேல் பழி போடுவது?

“தராசு மேல போடு,” என்றாள் அறைத்தோழி. “அதுதான் எதுத்துப் பேசாது.”

“வெளையாடாதடி, வயிறு எரியுது.”

ஐப்பசி 12, புதன்

இதை எழுதியாக வேண்டும்.

தராசு அறையில் அண்ணன் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். ஆறிய தட்டைத் தராசில் வைத்து மூடியைக் கழற்றினேன். அவரைக் கண்டதும் உள்ளே கிடந்தது பொங்கிவிட்டது.

“சொல்லுங்கண்ணா, இந்த லேப்ல நியாயம்னு ஒண்ணு இருக்கா? ராப்பகலா உழைக்கிறேன்—”

“பேசுங்க தங்கச்சி. என்னைப் பாக்காம நம்பரப் பாத்துப் பேசுங்க.”

பார்த்தேன். கடைசி இலக்கம் ஏறியது. அதற்கு முந்தையதும் ஏறியது. நான் நிறுத்தினேன், அது நிறுத்தவில்லை. ஈரமெல்லாம் இழந்து வறண்ட பொடி, அறைக்காற்றின் ஈரத்தைக் குடித்து, இழந்த எடையை மீட்டுக்கொண்டிருந்தது.

“டெய்லி இப்படித்தான். மூடியக் கழட்டிடுவீங்க, அப்புறம் பேச்சு. என்கிட்ட, இல்லன்னா செவுத்துக்கிட்ட. போன வாரம் ஒருநா கால் மணி நேரம்.”

“முன்னாடியே சொல்லிருக்கலாமேண்ணா!”

“மூணு தடவ வாயெடுத்தேன். எடம் குடுத்தீங்களா?”

ஐப்பசி 13, வியாழன்

மறைத்துவிடலாம். இனி மூடியோடு எடை பார்த்தால் எண்கள் ஒத்துவரும். சாவி கைமாறியதால் சீரானது என்று எல்லாரும் நம்புவார்கள். என் தலைப்பு தப்பும்.

அண்ணனுக்கு வந்த கெட்ட பெயர்?

உண்மையைச் சொன்னால், கெடு நாளில் முறையே தெரியாதவள் என்று நானே ஒப்பமிட்டதாகும். சே! என்ன பிழைப்பு இது!

ஐப்பசி 14, வெள்ளி

கூட்டத்தில் எழுந்தேன். “அடுப்பை யாரும் திறக்கவில்லை. உலர்ந்த பொடியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தவள் நான். சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.” உட்கார்ந்துவிட்டேன். மேலும் ஏதோ வரும் என்று நெறியாளர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

பிறகு, “எண்கள்?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை.”

திங்கள் காலைவரை பொறுப்பாராம். சனியும் ஞாயிறும் ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். அண்ணனைக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? கேட்கவில்லை.

வெளியே வரும்போது அவர்தாம் சாவியைப் பையில் போட்டபடி சொன்னார்: “நாளைக்கு ஒம்பது மணி.”

ஐப்பசி 15, சனி

3.81, 3.79, 3.82.

அண்ணன் என் தோளுக்குப் பின்னிருந்து எட்டிப் பார்த்து, “ம்” என்றார்.

“ம்” என்றேன்.