தூக்கிக்கொண்டு போன ஆட்டக்காரி

அம்மாவுக்கு வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா உன்னிடம் சரியாகச் சாப்பிடுகிறாளா?

இங்கே நான் சலவை வேலை பார்க்கும் மைதானத்தில் பெண்கள் ரக்பி போட்டி தொடங்கி ஐந்து வாரமாகிறது. பல நாட்டு அணிகளின் சேறு அப்பிய சட்டைகளைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துவிட்டது. நேற்று துணிக்கூடையோடு ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேன். லேசான சுளுக்குதான், பயப்படாதே. அப்போதுதான் ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி என்னைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு நடந்தாள்.

"இறக்கி விடும்மா, நான் கனம்" என்றேன்.

"இன்னைக்கு நான் உருப்படியா செஞ்ச ஒரே வேலை இதுதான்க்கா, பேசாம வாங்க" என்றாள்.

இந்த ஊருக்கு வந்த பத்து மாதமாக என்னை யாரும் தொட்டதில்லை அம்மா. அவள் கழுத்தை விட மனசே வரவில்லை.

பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். கையையும் வரைந்து அனுப்பு. சும்மாதான்.

சலவை மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்