இரண்டாவது குழல்

ஜூன் 4

என்னங்க,

நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். மாற்றலாகி வந்த பள்ளிக்கூடம் பரவாயில்லை. பக்கத்திலேயே இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்னறையில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையைப் போட்டுக்கொள்ளலாம். வருகிறீர்களா, இல்லையா? வீட்டுக்காரர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பாராம்.

உங்கள் டீச்சர்

ஜூன் 11

அன்பு டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. ஒரு அதிசயம் சொல்கிறேன் கேள். ஆர்மீனியாவில் இப்போதுள்ள இளசுகள் பழைய நாட்டுப்பாடல்களை எடுத்து, கிடாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடுகிறார்கள். கூடவே துடுக் என்று ஒரு மரக்குழல். போனில் போட்டுக் கேட்டால் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. கடைக்கு வந்த ஒருவர், "முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்கிறார்!

பாட்டை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு எழுது. வீடு விஷயம் பிறகு பேசலாம்.

உன் கண்ணாடிக்காரன்

ஜூன் 17

என்னங்க,

பிறகு, பிறகு என்றே கல்யாணமான நாளிலிருந்து ஓட்டிவிட்டீர்கள். புரியாத பாஷைக்கு அழுகிறீர்கள். புரிகிற பாஷையில் நான் கேட்டதற்கு ஒரு வரி பதில் இல்லை. எரிச்சலாக வருகிறது.

பாட்டைக் கோபத்தோடுதான் கேட்டேன். பாழாய்ப்போனது, நன்றாகவே இருக்கிறது. அதில் இரண்டு குழல் இருக்கிறது, தெரியுமா? ஒன்று உங்களை அழவைக்கிறது. இன்னொன்று முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதை ஊதுகிற ஆளைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக உங்கள் வீட்டில் நான் ஊதியதும் அதைத்தான். இனி மூச்சு இல்லை.

மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹாஸ்டலில் ஒற்றைக் கட்டில் போட்டுக்கொள்வேன். அப்புறம் கூப்பிட்டால் வரமாட்டேன்.

டீச்சர்

ஜூன் 24

அன்பு டீச்சரம்மாவுக்கு,

என்ன காது உனக்கு! இரண்டாவது குழல் இருக்கத்தான் இருக்கிறது! கடைக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். இத்தனை நாள் என் காதில் விழவே இல்லை பார், நான் ஒரு மடையன். இன்னொரு பாட்டு அனுப்பியிருக்கிறேன். அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும்.

வீட்டுக்கு அவசரப்படாதே.

உன் கண்ணாடிக்காரன்

ஜூலை 15

அன்பு டீச்சரம்மாவுக்கு,

பதிலே காணோம். போனையும் எடுக்கமாட்டேன் என்கிறாய். வீடு ஒரே அமைதியாக இருக்கிறது. அந்தத் துடுக் பாட்டைப் போட்டால் இப்போதெல்லாம் அந்த இரண்டாவது குழல்தான் முதலில் கேட்கிறது. உட்கார்ந்து கேட்க முடியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை.

போன தடவை அனுப்பிய பாட்டு உனக்குப் பிடிக்கவில்லையா?

உன் கண்ணாடிக்காரன்