சோப்புப் பல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இன்று காலையிலும் வேண்டிக்கொண்டேன். கோபத்தில் எழுத உட்கார்ந்தாலும் கை முதலில் இதைத்தான் எழுதுகிறது, என்ன செய்ய. சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், கட்டிலில் இருந்தபடியே மொத்தக் குடும்பத்தையும் விரட்டுகிறாள், அதனால் குணமாகி வருகிறாள் என்று தெரிகிறது. குளியலறைக் குழாய் ஒழுகியதை, ஆளே வேண்டாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா பிரித்துப் போட்டார், இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாடி வீட்டக்கா உன்னை விசாரித்தாள். வீட்டுச் செய்தி இவ்வளவுதான். இனி உன் செய்தி. பெற்ற மகளுடைய செய்தியை அடுத்தவர் வாயால் கேட்கும்படி ஆகிவிட்டது எனக்கு, அதுவும் முன்பல் உடைந்த வாயால்.

போன வாரம் நம் தவளை வாத்தியார் எங்கள் பல் செட்டு லேபுக்கு வந்திருந்தார். பல் டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு உனக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தாரே, தவளை படத்தைப் போர்டில் வரைந்துவிட்டு அதுகூடவே பேசுவாரே, அவர்தான். மாடிப்படியில் தடுக்கி விழுந்து முன்பல் பாதி போய்விட்டது. டாக்டர் அளவெடுத்துவிட்டு நிறம் மட்டும் நீங்க பாத்துடுங்கம்மா என்று என்னிடம் அனுப்பினார். நான் ஜன்னலோரம் உட்காரவைத்து, மாதிரிப் பல்லை ஒவ்வொன்றாக அவர் உதட்டருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் சும்மா இருக்கமாட்டாரே, பல் போன சந்தில் காற்று போக, சீட்டு கெடச்சும் வேணாம்னுட்டாளேம்மா உங்க பொண்ணு, எனக்கே மனசு ஆறல, உங்களுக்கு எப்படி இருக்கும் என்றார். நான் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன், என் பொண்ணுக்குத்தான் கிடைக்கலையே சார், சோப்புலதானே போச்சு என்றேன். அவர் உதட்டை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். சோப்புலயா, அதுல அவளுக்குத்தானே முதல் மார்க்கு, அவ செதுக்குன பல்ல காலேஜ்ல கண்ணாடி அலமாரில வெச்சிருக்காங்களே, நான் என் பசங்கள எல்லாம் கூட்டிட்டுப் போய் காட்டினேனே என்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும், நிறத்தைப் பாருங்கம்மா என்று உதட்டைத் தானே தூக்கிக் காட்டினார். நான் என்ன நிறம் எழுதினேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் அவரை மறுபடி வரச்சொல்லிச் சரியாகப் பார்த்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா தெரியாது, எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. எழுதுகிற பரீட்சைக்கு வாத்தியார்கள் இருந்தார்கள். ஒரு சோப்புக் கட்டியையும் கத்தியையும் கொடுத்து இந்தப் பல்லைச் செதுக்கிக் காட்டு என்கிற பரீட்சைக்கு நான்தான் இருந்தேன். நாள் முழுக்க லேபில் மெழுகில் பல் செதுக்கிவிட்டு வந்து, சமையல் மேஜையைத் துடைத்து, உனக்கு எதிரே உட்காருவேன். நீ இடதுகைக்காரி, நான் வலதுகைக்காரி, பக்கத்தில் உட்கார்ந்தால் உனக்குப் புரியாது என்று எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் செய் என்று நான்தான் யோசித்துக் கண்டுபிடித்தேன். கத்தியைக் குட்டையாகப் பிடி, கட்டைவிரலைக் கட்டியில் ஊன்றிக்கொள், எடுத்ததைத் திருப்பி ஒட்டமுடியாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. வீடு முழுக்க சோப்புச் சீவல். நீ கெடுத்த பல்லையெல்லாம் வீணாக்குவானேன் என்று குளிக்க எடுத்துவைத்தேன், அந்த வருஷம் பூராவும் நம் வீட்டில் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துத்தான் எல்லோரும் குளித்தோம். சித்தி வந்திருந்தபோது குளியலறைக்குள் போய், அய்யோ இது யாரோட பல்லுடி என்று அலறினாளே, நீ சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அந்தச் சிரிப்பாவது உண்மைதானே.

ரிசல்ட் வந்த அன்றைக்கு நீ சமையலறை வாசலில் நின்று சொன்னது ஒரு வார்த்தை விடாமல் என் காதில் இருக்கிறது. எழுதினதெல்லாம் பாஸும்மா, சோப்புலதான் போச்சு, கத்திய ரொம்ப குட்டையா பிடிக்கிறேனாம், அதான் வெட்டு ஆழமா எறங்கிடுச்சாம் என்றாய். நீ வந்து என்னைக் கட்டிக்கொண்டு, இது உன் தப்பில்லம்மா என்றாய். அடிப்பாவி. வாய் கூசவில்லையா உனக்கு. உனக்காக நான் அழுதேன், நீ என் முதுகைத் தடவிக்கொடுத்தாய், பொய் சொன்னவள் ஆறுதல் சொல்ல, ஏமாந்தவள் மன்னிப்புக் கேட்டாள். ஆமாம், மன்னிப்புக் கேட்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது. ஒரு மாசத்தில் நீ வேலை கிடைத்தது என்று ஊரைவிட்டே போய்விட்டாய். மரச்சாமான் கம்பெனியில், நாற்காலிக் கால் உடைந்தது, அலமாரிக் கதவு மூடவில்லை என்று போன் பண்ணுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. பாவம், மனசு உடைந்து போகிறாள், போகட்டும் என்று நான்தான் பெட்டி கட்டிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று, கத்தி பிடித்துக் கை வீங்கியது என்பதைத் தவிர, நான் உனக்குச் சொன்னதே இல்லை, உன் மனசு கஷ்டப்படுமே என்று. இப்போது படட்டும். நீ போன மறுநாளிலிருந்து நான் கத்தியை நீட்டிப் பிடிக்கப் பழகினேன். கல்லூரியில் படித்தவர்கள் தப்பு என்கிறார்கள், அப்படியானால் இத்தனை வருஷமும் நான் தப்பாகத்தான் பிடித்திருக்கிறேன் என்று நம்பினேன். மணிக்கட்டு வீங்கியது. கட்டைவிரலில் வெட்டு. என் கையை விட்டுப் போன வேலை எதுவும் திரும்பி வராது என்று லேபில் பேர், அந்த நான் செய்த பல் செட்டு கடிக்கவே முடியலம்மா என்று திரும்பி வந்தது. முதலாளி புதிதாக வந்த பெண்களுக்கு மெழுகு வேலை நீங்க சொல்லிக் குடுங்கம்மா, உங்களுக்குன்னு தனி மேஜை போட்டுத் தர்றேன் என்று கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு நாளாக நான் எதிர்பார்த்தது அது. என் பொண்ணுக்கே ஒழுங்கா சொல்லிக் குடுக்கத் தெரியாதவ நான், ஊரான் பிள்ளைங்களக் கெடுக்கவா என்று முகத்துக்கு நேரே வேண்டாம் என்றுவிட்டேன். அந்த மேஜையில் இப்போது எக்ஸ்ரே உட்கார்ந்திருக்கிறான், எல்லோரையும் கண்ணாடிக்கு மேலாகத் துருவித் துருவிப் பார்ப்பானே அவன். பல் செதுக்குகிறானோ இல்லையோ, கதை நன்றாக அளக்கிறான்.

வாத்தியார் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். ரிசல்ட் பார்க்க உன்னோடு வந்தவர் அவர்தானே. முதலில் குழாயைப் பற்றிப் பேசினார். அப்புறம் பின்கழுத்தைச் சொறிந்தார், அவர் கழுத்தைச் சொறிந்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே நின்றேன். அவளுக்கு இதுல இஷ்டமே இல்ல, நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாதுப்பான்னு அழுதா என்றார். சரி, அதைச் சொல்ல வேண்டியதுதானே, சோப்பை ஏன் இழுத்தாள் என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், இயற்பியல்ல போச்சுன்னு சொன்னா அம்மா இன்னொரு வருஷம் படின்னு உக்கார வெச்சுருவா, சோப்புல போச்சுன்னு சொன்னாதான் அம்மா தன்னையே நொந்துக்கிட்டு என்னை விட்டுருவான்னு அவதான் சொன்னா என்று. அதைக் கேட்டபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. என்னை எவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாய், அந்தப் பரீட்சைக்குக்கூட நீ அப்படிப் படித்திருக்கமாட்டாய். எங்கே குத்தினால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று பார்த்துக் குத்தியிருக்கிறாய்.

உன் அப்பா இருக்கிறாரே, நான் வீங்கின மணிக்கட்டோடு உட்கார்ந்து கத்தி பிடித்துப் பழகியதைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவர், தைலம்கூடத் தேய்த்துவிட்டார், வாயை மட்டும் திறக்கவில்லை. அவளே சொல்லுவான்னு இருந்தேன் என்கிறார். இப்போது அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது. குழாயும் அப்படியே ஒழுகட்டும் என்று விட்டிருக்கிறேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து அந்தக் கல்லூரிக்குப் போனேன். வாசலில் காவலாளி யாரைப் பார்க்கணும் என்று கேட்டார், ஒரு பல்லைப் பாக்கணும் என்றேன். பல் காட்டறவங்க அந்தப் பக்கம் போய் டோக்கன் வாங்குங்க என்று கையைக் காட்டினார். அவருக்குப் புரியவைத்து உள்ளே போவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. மாடியில், வகுப்புகளுக்கு வெளியே, நீளமான நடையில் அந்த அலமாரி இருக்கிறது. தாடை எலும்பு மாதிரிகள், பழைய இடுக்கிகள், அதற்குக் கீழ்த்தட்டில் சோப்புப் பல் ஒன்று. வெள்ளை சோப்பு, இப்போது கொஞ்சம் பழுப்பேறி, ஓரத்தில் மெல்லிசாக வெடிப்பு விட்டிருக்கிறது. பேர் எழுதவில்லை, நம்பர் மட்டும்தான். எனக்குப் பேர் எதற்கு. வெட்டெல்லாம் இடதுபக்கமிருந்து சரிந்து வந்திருக்கிறது, பல்லின் கழுத்துப் பக்கம், வேர் தொடங்குகிற இடத்தில், கடைசியாக ஒரே இழுப்பில் ஒரு சின்னப் பள்ளம், அது என்னுடையது, நான் எந்தப் பல்லையும் அப்படித்தான் முடிப்பேன், உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அங்கே நின்றபோது பெருமைப்படுவதா வயிறு எரிவதா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள், உன் வயதுதான் இருக்கும். இந்தப் பள்ளம் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குதுடி, எப்படித்தான் பிடிச்சாங்களோ என்று ஒருத்தி சொன்னாள். கத்தியக் குட்டையா பிடிக்கணும்மா என்று சொல்லிவிட்டு நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

நீ என்னிடம் வந்து இது எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் குதித்திருப்பேன், வீடு இரண்டாகியிருக்கும், ஒரு மாசம் உன்னோடு பேசியிருக்கமாட்டேன், அதெல்லாம் உண்மைதான். ஆனால் அது சண்டை. அம்மாவும் மகளும் போடுகிற சண்டைக்கு என்றைக்காவது ஒரு முடிவு உண்டு. நீ சண்டை போடவில்லை, என் கையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். டாக்டராகாததற்கு நான் உன்மேல் வருத்தப்படவில்லை, நாற்காலிக்குப் பதில் சொல்லு, பீரோவுக்குப் பதில் சொல்லு, உன் இஷ்டம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கை எப்படிம்மா இருக்கு, வீக்கம் வத்திடுச்சா என்று கேட்டாயே, அப்போதாவது ஒரு தடவை சொல்லத் தோன்றவில்லையா. அதைத்தான் என்னால் விழுங்கமுடியவில்லை.

நேற்று முதலாளியிடம் போய், அந்தப் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். எக்ஸ்ரேவை அந்த மேஜையிலிருந்து எப்படி எழுப்புவது என்று யோசிக்கிறார், யோசிக்கட்டும். இன்றைக்குக் காலையில் கத்தியைப் பழையபடி குட்டையாகப் பிடித்தேன், முதலில் கை கொஞ்சம் தடுமாறியது, மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது.

இதைப் படித்ததும் போன் பண்ணாதே. நீ அழுவாய், நான் இளகிவிடுவேன், அது எனக்கு வேண்டாம். லீவு கிடைக்கும்போது நேரில் வா. உன் கத்தி இங்கேதான் இருக்கிறது, சோப்பும் வாங்கி வைத்திருக்கிறேன். சமையல் மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பல் செதுக்கிக் காட்டு. மார்க் போடுவதற்கு இல்லை, நான் சொல்லிக்கொடுத்தது உன் கையில் இருப்பதை நான் என் கண்ணால் பார்க்கவேண்டும். செதுக்கும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாலும் பரவாயில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்று அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்கு மனசு வரவில்லை.

நீ நல்லா இருக்கணும். கோபம் வேறு, இது வேறு. நோய்நொடி இல்லாமல், கைகால் சுகத்தோடு, நல்லவர்கள் நடுவில் நீ நூறு வருஷம் இருக்கணும். வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. ராத்திரி பல் தேய்த்துவிட்டுப் படு, தேய்த்தேன் என்று என்னிடம் பொய் சொல்லாதே, நீ வந்து நின்று வாயைத் திறந்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கத்தியைக் குட்டையாகவே பிடிக்கும்
உன் அம்மா