அண்ணையின் கடலுக்கு நிறம் போட்ட நாட்கள்

மாசி 3, செவ்வாய்

பனி. கொடியில் போட்ட உடுப்பு விடிந்தும் ஈரம். லப்டொப்புக்கு அடியில் இரண்டு மரக்கட்டை, பக்கத்தில் மேசை விசிறி. அப்படியும் சூடு.

அண்ணை வெள்ளெனவே வந்து கதிரையில் இருந்துவிட்டார். அவருக்குக் கண் ஓரளவு தெளிவது காலையில் கொஞ்ச நேரம்தான். இரத்தத்தில் சீனி கூடி, சலரோகம் வலக்கண்ணை முழுதாக எடுத்துவிட்டது. இப்போது இடக்கண்ணுக்குள்ளும் இரத்தம் கசிகிறதாம். ஊசி போடுகிறார்கள். "பார்ப்பம்" என்கிறார்கள்.

படத்தை நான் வெட்டி ஒட்டியாயிற்று. நிறம் திருத்துவதுதான் பாக்கி. வருடக்கணக்காகக் கீரிமலைப் பக்கத்துக் கடலுக்குள் இறங்கி அண்ணை எடுத்தது. தண்ணீருக்கு அடியில் கமரா எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். மீனும் பவளப் பாரும் எந்த நிறத்தில் இருந்தன என்பது இறங்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எனக்கு நீந்தக்கூடத் தெரியாது.

இன்று ஒரே ஒரு ஷொட். சிவப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும், படம் உறைந்து நின்றுவிடுகிறது. அது திரும்ப ஓடும்வரை அண்ணை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"நித்திரையோ அண்ணை?"

"இல்லை. கண்ணை மிச்சம் பிடிக்கிறன்."

மாசி 6, வெள்ளி

அண்ணி பண்டத்தரிப்பில் படிப்பிக்கிறார். பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டவர் வாசலில் நின்று கேட்டார்: "படத்தின்ரை தரம் குறைஞ்ச கொப்பி ஒண்டு எடுத்து அதிலை நிறம் பார்க்கேலாதே, கௌரி?"

வெட்டுவதற்கு அந்தக் கொப்பி காணும். நிறத்துக்குக் காணாது. அதில் பத்து விதமான நீலமும் ஒரே நீலமாகிவிடும். விளங்கப்படுத்தினேன்.

"அப்ப பெரிய மெசின்தான் வேணும்."

லப்டொப் இரண்டு தடவை தானாக நின்றது. மூன்றாம் தடவை அண்ணை எழும்பிவிட்டார். கோபம் இல்லை. கண் மங்கிவிட்டது.

"நாளைக்குப் பார்ப்பம் பிள்ளை."



மாசி 11, புதன்

கமராவை விற்றாயிற்று. தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டி, விளக்குகள், எல்லாமே. திருகோணமலையிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். அண்ணை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக் கொடுத்தார்.

"இந்த றப்பருக்கு ஒவ்வொரு முறையும் கிறீஸ் பூசவேணும். மறந்தியள் எண்டால் உப்புத்தண்ணி உள்ளுக்கை போயிடும்."

வந்தவர் போனபிறகு ஏன் அண்ணை என்று கேட்டேன்.

"இனிக் கடலுக்கை இறங்கி நான் என்னத்தைப் பார்க்கிறது? எடுத்ததையாவது ஒழுங்காய்ப் பார்ப்பம்."

பின்னேரம் யாழ்ப்பாணம். அந்தக் காசில், கடையில் பெரிய கணினி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். கிராபிக் காட் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம்.

"ஒரு கிழமை செல்லும் அக்கா."

கெதியாய் வேணும் என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை." கடைக்காரர் சிரித்தார்.



மாசி 18, புதன்

வந்தது. ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். சரியான பாரம். கை இன்னும் நோகிறது.

வாங்க: யூ.பி.எஸ்., நீள வயர், அண்ணைக்குச் சீனி போடாத பிஸ்கட்.

பூட்டி முடிந்ததும் படத்தைப் போட்டேன். முழுத் தரத்தில், ஒரு தடக்கலும் இல்லாமல் ஓடியது. நிறத்தைக் கூட்ட உடனே கூடுகிறது. குறைக்கக் குறைகிறது.

"கையோடை வருது" என்றார் அண்ணை. சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு.

லப்டொப்பில் ஒரு கிழமையிலும் நடக்காத வேலை, ஒரு காலையில்.

மாசி 20, வெள்ளி

பனி குறைவு. இன்றும் நல்ல வேலை. அண்ணை கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். "பச்சையோ உது?" என்று ஒரு தடவை கேட்டார். நீலம். வெளிச்சம் திரையில் படுகிறது என்று யன்னலைச் சாத்தினேன்.

மாசி 24, செவ்வாய்

எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.

வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் சரிபார்க்க, படத்தில் நிறத்தை நிறுத்தியிருந்தேன். திருப்பிப் போட மறந்துபோனேன். திரை முழுக்கக் கறுப்பு வெள்ளை. அண்ணை வந்து இருந்தார். மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போனார். கனநேரம் பார்த்தார்.

"இந்த நீலம் திறமாய் வந்திருக்கு, கௌரி. இதை மாத்திப்போடாதை."

"ஓம் அண்ணை."

குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அண்ணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் சொன்னேன். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையைத் தடவித்தான் எடுக்கிறார்."

இந்தக் கணினி மார்கழியில், அவருக்குக் கண் தெரிந்தபோதே வந்திருந்தால்.

மாசி 27, வெள்ளி

ஆஸ்பத்திரி. இனி ஊசி வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். அண்ணை நன்றி சொன்னார். அதைத்தான் தாங்கமுடியவில்லை.

ஓட்டோ சண்டிலிப்பாய் தாண்டும்போது வாய் திறந்தார்.

"மிச்சத்தை நீ செய்."

"எனக்குக் கடல் தெரியாதே அண்ணை."

"நான் சொல்லித் திருத்தினதுகள் இருக்கல்லோ. அதுகளைப் பார்த்துச் செய்." கொஞ்சம் பொறுத்து: "போன கிழமையே எனக்குச் சரியாய்த் தெரியேல்லை. அந்த அறைக்கை உன்னோடை இருக்க விருப்பமாய் இருந்தது. அதாலை சொல்லேல்லை."

நான் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புகையிலை வாட்டமாக நின்றது. வேறு என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

பங்குனி 2, திங்கள்

நிறம் முடிந்தது. அண்ணி தேத்தண்ணி ஊற்றி வருவதற்குள் கணினி முழுப் படத்தையும் தயாராக்கிவிட்டது. இவ்வளவு கெதி இனி யாருக்கு.

"போடு" என்றார் அண்ணை. திரையைப் பார்த்து இருக்கவில்லை. கதிரையைத் திருப்பி ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்தார். குமிழிச் சத்தம், அவருடைய மூச்சு, திரும்பக் குமிழி. அண்ணி என் பக்கத்தில்.

பாதியில் கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டு. இதிலை மூச்சு அவசரப்படுது. மேற்கிலை இருந்து கச்சான் காத்து தொடங்கின அண்டு எடுத்தது. தண்ணி கலங்கலாய் இருந்திருக்கவேணும். தெளிவாக்கிப் போட்டியோ?"

"ஓம் அண்ணை. வடிவாய் இருக்கட்டும் எண்டு."

"அண்டைக்கு எனக்கு முன்னாலை என்ரை கையே தெரியேல்லை. அப்பிடியே விடு."

கலங்கலைத் திரும்பக் கொண்டுவந்தேன்.