சனிக்கிழமைகளில் கேட்காத காது

பாய்,

இன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் உங்கள் மகன் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்தார். "அக்கா, அத்தாவோட காது மெஷின். அலமாரில கெடந்துச்சு. யாருக்காச்சும் ஆகுமா பாருங்களேன்" என்றார். மூடியைத் திறந்தேன். அத்தர் வாசனை குப்பென்று வந்தது. நீங்கள் மௌத்தாகி இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது. வாசனை மட்டும் இன்னும் கிளம்ப மனசில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத்தான் எதையும் சும்மா விடத் தெரியாதே. உடனே பெட்டியின் சார்ஜ் வயரைச் சுவரில் சொருகிப் பார்த்தேன். வலது காது மெஷினுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இடது பக்கம் சிவப்பாகக் கண் சிமிட்டியது. சிரித்துவிட்டேன். ஆள் போனாலும் இடது பக்கத்துக்குப் பிடிவாதம் போகவில்லை. உங்கள் காதுக்கென்று சரி செய்த மெஷினை அப்படியே தூக்கி இன்னொருவர் காதில் மாட்டக் கூடாதாம். பிரிக்பீல்ட்ஸ் காது மெஷின் கடைப் பெண் சொன்னது ஞாபகம் இருந்ததால், அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று உங்கள் மகனிடம் சொல்லி அனுப்பினேன்.

அந்த மெஷின் வருவதற்கு முன் உங்களிடம் பேசுவது எனக்குப் பெரிய உடற்பயிற்சி. கிள்ளானில் நம் வரிசையில் ஜவுளிக்கடைக்கா பஞ்சம்? ஆனால் முதலாளியும் வாசலில் உட்கார்ந்து தைக்கிறவளும் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த கடை உங்களுடையது ஒன்றுதான். போகிறவர்கள் சண்டை என்று நினைத்து நின்று பார்ப்பார்கள். நான் "டீ குடிச்சிட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மெஷினை முதன்முதலாக மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த அன்று, நான் பெடலை மிதித்தேன். நீங்கள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தீர்கள்.

"என்னா புள்ள இது, லோரி ஏதும் கடைக்குள்ள வருதா?"

"பிளவுஸ் தைக்கிறேன் பாய்."

"இந்தச் சத்தத்தையா நான் இம்புட்டு வருஷமா பக்கத்துல வெச்சிருந்தேன்?"

"என் வாயவே வெச்சிருந்தீங்களே, இது என்னா பெருசு."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தையலில் மனம் போகவில்லை. இவ்வளவு சின்னதற்குள் என்னதான் இருக்கிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. நீங்களும் தினம் ஒரு வழக்கோடு வந்தீர்கள். ஒரு நாள் இரண்டுமே வேலை செய்யவில்லை. கேட்டால், ராத்திரி பெட்டியில் ஒழுங்காகத்தான் வைத்தீர்களாம், சுவரில் சொருகினீர்களாம், ஆனால் சுவர் சுவிட்சைத் தட்டவில்லை. இன்னொரு நாள் இடதை வலது குழியிலும் வலதை இடது குழியிலும் திணித்து, மூடி மூடவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டினீர்கள். அப்புறம் தொழுகைத் தொப்பி. அதை இழுத்துக் காதுவரை விட்டதும் மெஷின் கூவென்று விசில் அடித்தது. புடவை பார்க்க வந்த ஆன்டி, உள்ளே அடுப்பில் கெட்டில் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். "கெட்டில் இல்லலா ஆன்டி, முதலாளிதான்" என்றேன். தொப்பியைக் கொஞ்சம் ஏற்றிப் போட்டதும் விசில் நின்றது. சத்தம் கம்மியானபோது, முனையில் இருக்கும் மிளகு அளவு வடிகட்டியில் காதழுக்கு அடைத்திருந்தது. அதை மாற்றியதும் சரியாயிற்று.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. காரணம் தெரிந்தால் தீர்ந்துவிடும். ஒன்று மட்டும் தீரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் உங்கள் இடது மெஷின் மங்கும். சனிக்கிழமை செத்தே போகும். ஞாயிற்றுக்கிழமை தானாக உயிர் பிழைத்து எழுந்து வரும். மறுபடி அடுத்த வெள்ளி வரை ராஜா மாதிரி வேலை செய்யும். வலது பக்கத்துக்கு இந்த வியாதி இல்லை.

இது வேறு யாருக்காவது நடந்திருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் உங்கள் மகன் பெட்டாலிங் ஜெயாவில் ஆபீஸ் வேலை, காஜாங்கில் வீடு. கடைக்கு வருவது சனிக்கிழமை மட்டும். அன்றைக்குத்தான் கூட்டம். கூட்டத்தின் சத்தத்தில், வயசில் ரொம்ப மோசமாகி, மெஷின் போட்டும் அவ்வளவாக உதவாத அந்த வலது காது ஒன்றை வைத்துக்கொண்டு நீங்கள் தடுமாறுவீர்கள். பச்சை கேட்டவருக்கு நீலம் எடுத்துப் போடுவீர்கள். மகன் கண்ணில் பட்ட நாளெல்லாம் நீங்கள் கேட்காத மனுஷன். திங்கள் முதல் வெள்ளி வரை நீங்கள் எப்படி வியாபாரம் செய்தீர்கள் என்று அவருக்கு எங்கே தெரியும்?

ஒரு சனிக்கிழமை போகும்போது என்னிடம் சொன்னார்: "மெஷின் வாங்கிக் குடுத்தும் இப்படித்தான் இருக்காருக்கா. அத்தாவால இனி முடியாது. கடைய எடுத்துற வேண்டியதுதான்."

அதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாள் முழுக்க ஓயாத வாய் அன்றைக்குப் பார்த்து ஓய்ந்துவிட்டது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் இந்தக் கடை நாற்காலிக்கு நடந்து வந்துவிடுகிற ஆள் நீங்கள். கடை போனால் என்ன ஆவீர்கள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அதனால் அந்த இடது காதைப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கி பக்கத்தில் உட்கார்ந்து கெட்டுப்போகிறதோ என்று முதலில் நினைத்தேன். "நான் எப்பவும் கடைசி வரிசைதான்" என்றீர்கள். தொழுகைக்கு முன் கை, முகம் கழுவி ஒளு செய்யும்போது தண்ணீர் படுகிறதோ என்று கேட்டேன். "கழட்டிச் சட்டைப் பையில வெச்சிட்டுத்தான் செய்வேன். அது தினம் அஞ்சு வேளையாச்சே, வெள்ளிக்கெழம மட்டும் தண்ணிக்குக் கோவமா?" என்று மடக்கினீர்கள். வெள்ளிக்கிழமை பிரியாணிதான் காரணம் என்றும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் எழுந்து புடவை மடிக்கப் போய்விட்டீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொமுட்டர் ரயில் பிடித்து இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். காது மெஷின் கடைப் பெண் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள், பொறுமைசாலி. எல்லாம் சோதித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ஆயிற்றே, இடது பக்கம் கணீரென்று கேட்டது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ரிப்பேரே இல்லையே சார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, எப்போ வேலை செய்யலையோ அப்போ கொண்டு வாங்க. நானும் பாக்கணும், எனக்கே ஆச்சரியமா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலை. வழக்கம்போல இடது செத்திருந்தது. துடைக்க விடாமல் உங்கள் கையிலிருந்து பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நான் மட்டும் ரயில் ஏறினேன். அவள் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார்ஜ் ஏற வேண்டிய புள்ளில ஏதோ எண்ணெய் படிஞ்சிருக்கு. மைக் ஓட்டையிலயும் இருக்கு. சார் தலைக்கு எண்ணெய் வெப்பாரா?"

"தலையில முடி இருந்தாத்தானே வெக்கிறதுக்கு."

"அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?"

கைக்குட்டையை மூக்கருகே கொண்டு போனேன். அத்தர். அப்புறம்தான் எனக்கு உங்கள் வெள்ளிக்கிழமை முகம் கண்ணுக்குள் வந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி, இடது காது மடிப்பில் அத்தரில் நனைத்துச் செருகிய பஞ்சு. நான் வாரா வாரம் பார்த்த பஞ்சு! கண்ணுக்கு அவ்வளவு பழகிப்போனதால் காணாமலே போயிருந்தது. நான் சொன்னதும் அந்தப் பெண் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது செருகுகிறீர்கள். எண்ணெய் வழிந்து மடலுக்குப் பின்னால் மெஷினுக்கு இறங்குகிறது. மத்தியானம் மங்குகிறது. ராத்திரி பெட்டியில் வைத்தால் எண்ணெய்ப் படலத்தால் சார்ஜ் ஏறுவதில்லை. சனிக்கிழமை ஏன் கேட்கவில்லை என்று சட்டை நுனியால் நீங்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பதில் கொஞ்சம் துடைபட்டு, அன்று ராத்திரி ஏறிவிடுகிறது. ஞாயிறு உயிர்த்தெழுகிறது.

காய்ந்த துணியால் துடைத்தாள், சின்னத் தூரிகையால் புள்ளிகளைத் தட்டினாள், பெட்டியில் வைத்தாள். பச்சை. "தண்ணி, ஸ்பிரிட்டு எதுவும் போட வேணாம்கா. வெறும் காஞ்ச துணி. அத்தரை வேற இடத்துல பூசிக்கச் சொல்லுங்க."

சொல்வது சுலபம். நீங்கள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

"எங்க அத்தா வெச்சாரு, அவங்க அத்தா வெச்சாரு. காதுல பஞ்சு இல்லாம ஜும்ஆவுக்குப் போறதா?"

"அவங்க காதுல மெஷின் இருந்துச்சா பாய்?"

"நீ வாய மூடு."

"நான் மூடினா, பேசறவங்க யாரு இருக்காங்கன்னு இந்த மெஷினப் போட்டுட்டு உக்காருவீங்க?"

மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது காது மடிப்பு காலியாக இருந்தது. மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். "இந்தா, மோந்துக்க. சந்தோஷமா?" என்றீர்கள். சந்தோஷம்தான் பாய்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டும் பச்சை. உங்கள் மகனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, தானாகப் பார்க்கட்டும் என்று. நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தீர்கள். அவர் உள்ளே புடவை அடுக்கு ஓரமாக நின்று, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டட முதலாளியோடு போனில் பேசினார். எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"ஆமா பாஸ். அடுத்த மாசம் சாவியக் குடுத்துர்றோம்."

நீங்கள் தலையைத் தூக்கவில்லை. பேனா மட்டும் நின்றது.

"எந்தச் சாவிடா?"

அவர் திரும்பினார். போனை இறக்கினார். ஒரு வாடிக்கையாளர் கையில் துணியோடு அப்படியே நின்றார்.

"அத்தா, உங்ககிட்ட சொன்னேனே. கடைய எடுத்துரலாமான்னு கேட்டேன். போன மாசம் கேட்டேன், அதுக்கு மொதல்லயும் கேட்டேன். நீங்க சரின்னு தலையாட்டுனீங்களே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சனிக்கிழமை கேட்டிருக்கிறார். எல்லாமே சனிக்கிழமை.

நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னீர்கள்: "ஒண்ணும் கேக்கலடா. கேக்கலன்னு எத்தன தடவ சொல்றது? வெக்கமா இருந்துச்சு. அதான் எல்லாத்துக்கும் ஆட்டிட்டேன்."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஷட்டரைப் பாதி இறக்கி, நீங்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து பேசினீர்கள். நான் வாசலில் வந்தவர்களை "பத்து நிமிஷம்லா, கணக்குப் பாக்குறாங்க" என்று சமாளித்தேன். ஷட்டர் ஏறியபோது உங்கள் மகன் மறுபடி போனை எடுத்து, சாவி கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னார். முடிந்ததும், "நான் என்னா சொன்னேன், சொல்லுங்க" என்பார். "என்னா மதரஸாவுக்கு ஓதப் போற புள்ளையா நானு" என்று எரிந்து விழுவீர்கள். ஆனால் திருப்பிச் சொல்வீர்கள். கடைசி நாள் வரை அந்த நாற்காலி உங்களுடையதாகத்தான் இருந்தது. இப்போது அதில் உங்கள் மகன் உட்காருகிறார், ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு.

யார் தலையாட்டினாலும் எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை. அளவு கொடுக்க வருகிறவர்களைக்கூட "கை நீளம் என்ன சொன்னேன்?" என்று கேட்டுத் தொல்லை செய்கிறேன்.

போன வாரம் டீ குடிக்கும்போது உங்கள் மகன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே உங்களுக்கு இடது காது மந்தமாம். டீ ஆறும்வரை யோசித்தேன். நான் உங்களிடம் முதன்முதலாக வந்து நின்றது அதற்கெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு. தீபாவளி நெருக்கம், கடை நிறையக் கூட்டம். கல்லாவுக்கு இடது பக்கம் நின்று, பயத்தில் குரல் எழும்பாமல் கேட்டேன்: "பாய், உங்க கடை வாசல்ல ஒரு ஓரமா தையல் மெஷின் போட்டுக்கட்டுமா?" நீங்கள் யாருக்கோ துணி கிழித்துக்கொண்டே தலையாட்டினீர்கள். அதை நம்பித்தான் நான் பிழைப்பைத் தொடங்கினேன்.

கேட்டுத்தான் ஆட்டினீர்களா பாய்? உயிரோடு இருந்தபோது இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. மறுநாள் நான் மெஷினோடு வந்து இறங்கியதும் ஒரு நொடி திகைத்துப் பார்த்தீர்கள், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிறகு எழுந்து வந்து, வாசலில் கிடந்த துணிக்கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தினீர்கள்.