உன் மூச்சால் அளந்த பாட்டு

இன்று மாலை கிளாரினெட்டுக்குப் புது ரீடு மாட்டினேன். அந்த மெல்லிய நாணல் சில்லு நாக்கில் பட்டதும் ஈர வாடை அடித்தது, உடனே உன் ஞாபகம். "ஐஸ் குச்சியச் சப்பற மாதிரி இருக்குதுங்க" என்று என்னைக் கேலி செய்வாயே.

தொண்ணூறுகளின் தொடக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாக நாம் இருவரும் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். நீ சுட்ட கப்புகளைச் சுண்டிப் பார்த்து விரிசல் விட்டதை ஒதுக்குவாய்; நான் களிமண் அரைக்கும் பக்கம். அந்தத் தூசியில் எனக்கு மூச்சு கொஞ்சம் மட்டு. நாற்பது வயதில் கிளாரினெட் கற்றுக்கொள்கிறேன் என்றபோது சிரிக்காத ஒரே ஆள் நீதான்.

கிளாரினெட் வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போனோம். கடையில் நீ ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டினாய்.

"யம்மா, அது கப்பு இல்ல" என்றார் கடைக்காரர்.

"எதுவா இருந்தா என்னாங்க, தட்டாம எப்பிடி வாங்கறது?" என்றாய்.

கறுப்பு மரக் கிளாரினெட் எதுவும் கணீரென்று ஒலிக்கவில்லை. மரம் எப்படியம்மா ஒலிக்கும்? எல்லாவற்றையும் விரிசல் என்று தள்ளிவிட்டு, உலோகத்தில் செய்த ஒன்றை என் கையில் கொடுத்தாய். எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ஆனால் ஊத லேசாக இருந்தது. எனக்கு அது போதும்.

விஜயதசமிக்கு வாத்தியார் மாணவர் கச்சேரி வைத்தார், ஆளுக்கு ஒரு பாட்டு. என்னைத் தவிர எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பாதியில் மூச்சு முட்டி நின்றால் கம்பெனியே சிரிக்குமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டுத் தேடும் வேலையை நீ எடுத்துக்கொண்டாய். காலையில் ரேடியோ, சாயங்காலம் எதிர்வீட்டு டீச்சரிடம் இரவல் வாங்கிய கேசட்டுகள். பாடகர் ஒரு வரியை முடிக்கும்வரை நீயும் மூச்சை அடக்குவாய். திணறினால் அந்தப் பாட்டு வேண்டாம். திணறாவிட்டால், "இது ஆவும்ங்க." அப்படிக் கிடைத்ததுதான் மோகனத்தில் அந்தச் சின்னக் கீர்த்தனை. நீயோ கிணற்றில் முங்கு நீச்சல் அடித்து வளர்ந்தவள். உன் மூச்சை அளந்து எனக்குப் பாட்டு எடுக்கிறோம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

வீட்டில் எப்படியோ சமாளித்தேன். மேடையில் படபடப்பு வேறு. சரணத்தின் நீள வரியில் நடுவிலேயே காற்று தீர்ந்துவிட்டது. மிருதங்கக்காரர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். நான் உன்னைப் பார்த்தேன். முன்வரிசையில் நீ ஒன்றுமே நடக்காததுபோல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். தாளத்தில் ஒரு சுற்று போயிற்று. மறுபடி உன் கை விழுந்த இடத்தில் எடுத்தேன், முடித்தேன். கைதட்டினார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல!

திரும்பும் வழியில், "நடுவுல நின்னுட்டேனே" என்றேன்.

"எங்க நின்னுச்சு? நான் போட்டுகினுதான இருந்தேன்" என்றாய்.

கம்பெனியை விட்ட பிறகு மூச்சு தேறிவிட்டது. தாளம் போட நீதான் இல்லை. அந்த வரியை இப்போது ஒரே இழுப்பில் ஊதிவிடலாம். ஊதுவதில்லை. அந்த இடத்தில் வாயை எடுத்துவிடுகிறேன். ஒரு தாளச் சுற்று உனக்கு. அது முடிந்த பிறகுதான் மறுபடி எடுக்கிறேன்.