செல்லாத எறி

ஃப்ரூன்சே,
12 மே 1957

தங்கை புருல்கானுக்கு,

நலம்தானே? குதிரை குட்டி போட்டதா? உன் கணவர் ஷெய்ஷெனாலியின் முதுகுவலி தேவலையா?

இங்கே எங்கள் குழு ஓர்தோ ஆட்டத்துக்கு விதி எழுதுகிறது. இனி எலும்பை எறிந்து வட்டத்திலுள்ள எலும்புகளை வெளியே தள்ளுவதற்கும் நடுவர், புள்ளி, பரிசு எல்லாம் உண்டு. வட்டம் எவ்வளவு பெரிது என்பதிலேயே பத்து நாளாகச் சண்டை. "எங்க பள்ளத்தாக்குல போடுறதுதான் வட்டம். நீங்க போடுறது தட்டு" என்று ஒருவர் தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். நம் ஊர் வட்டத்தை அளந்து அனுப்பு.

அண்ணன்,
இஸ்மாயில்

அத்பஷி,
3 ஜூன்

அன்பு அண்ணா,

குட்டி போட்டது, நெற்றியில் வெள்ளை. இவருக்கு முதுகுவலி வேலை நேரத்தில் மட்டும்தான்.

நடுவிலுள்ள கான் எலும்பிலிருந்து கோடு வரை அளந்த நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிச்சுவரைதான் கணக்கு.

போருக்கு ஆண்கள் போன பிறகு இந்த வட்டத்தில் புல் முளைக்கவிடாமல் ஆடியவர்கள் நாங்கள். இப்போதோ என் வீட்டுக்காரரே, "பொம்பளைங்க எறிஞ்சா எலும்பு சூப்புச் சட்டியிலதான் விழும்" என்கிறார். விதியில் எங்களுக்கு இடம் உண்டா, இல்லையா?

புருல்கான்

ஃப்ரூன்சே,
19 ஜூன்

புருல்கானுக்கு,

வரைவில் 'ஆண்கள்' என்றுதான் இருந்தது. என் தங்கை என்னைத் தொடர்ந்து பதினோரு முறை தோற்கடித்தவள் என்று சொன்னேன். "அப்புறம் உன்னை எதுக்குய்யா விதி எழுதக் கூப்பிட்டோம்?" என்றார் தலைவர். ஆனாலும் 'ஆட்டக்காரர்கள்' என்று மாற்றிவிட்டார்.

செப்டம்பரில் நாரினில் போட்டி. உன்னோடு ஆடும் பெண்களை அழைத்துக்கொண்டு வா. நடுவர் நான். தங்கை என்று பார்க்கமாட்டேன்.

இஸ்மாயில்

அத்பஷி,
25 செப்டம்பர்

அன்பு அண்ணா,

லாரியில் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்து தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் பரிசாகக் கிடைத்த டீ சமோவாரை வாரம் ஒருத்தி வீட்டில் வைத்துக்கொள்கிறோம்.

கடைசி எறியில் கான் எலும்பு வட்டத்தைவிட்டுப் பறந்ததும் நான் குதித்தேன். நீ கையைத் தூக்கி, "கால் கோட்டைத் தாண்டிருச்சு, செல்லாது" என்றாய். "மச்சான், கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தீங்களா? என் பொண்டாட்டியை யாராலும் ஜெயிக்க முடியாது" என்று கூட்டத்திலிருந்து இவர் கத்தியது உன் காதில் விழுந்திருக்கும்.

இன்னும் ஓயவில்லை. டீக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று என் எறியை நடித்துக் காட்டுகிறார். பிறகு உன்னைத் திட்டுகிறார்.

அண்ணா, என் கால் தாண்டியது எனக்கே தெரியும். அவரிடம் சொல்லிவிடாதே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை இப்படிப் புகழ்ந்ததே இல்லை. குளிர்காலம் முடியும்வரை திட்டு வாங்கிக்கொள்.

உன்
புருல்கான்